முதலில் தண்ணீர் வடியட்டும்: கோத்தகிரிப் பக்கம் தோட்டம் போடப் போகிறவர்களுக்கு

கோத்தகிரியில் வீடு வாங்கிக் குடிவருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி ஒன்றேதான்: "இங்கே என்ன நட்டாலும் வருமாமே?" வரும். அக்டோபர் வரை வரும். அடைமழையில் பாதி அழுகும், தப்பியது ஜனவரிப் பனியில் கருகும், அதையும் தாண்டியது மார்ச் மாதம் நீங்கள் தண்ணீர் லாரிக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கும்போது வாடும். மூன்றையும் பார்த்தவள் நான். திருப்பூரிலிருந்து இங்கே வந்து 11 வருடம் ஆகிறது. வீட்டைச் சுற்றி 8 சென்ட், முன்பு தேயிலை நின்ற சரிவு. இப்போது அதில் கற்றாழையும் ரோஸ்மேரியும் தவிட்டுக்கொய்யாவும் சௌசௌப் பந்தலும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் நிற்கின்றன. கோடையில் வாரம் இரண்டு குடத்துக்கு மேல் கேட்காத தோட்டம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். கேட்கும் இடம் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

இங்கே வறட்சி தாங்கும் செடிகளைக் கொல்வது பெரும்பாலும் வறட்சி இல்லை, மழை. அதனால் இந்த வழிகாட்டியில் செடி கடைசியில்தான் வரும்.

கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பது

ஒரு முழு வருடம் ஒன்றும் நடாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு அடைமழையையும் ஒரு பனிக்காலத்தையுமாவது பாருங்கள். நீலகிரி என்றால் எங்கும் ஒரே மழை இல்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும். நமக்கும் அந்த மழைக்கும் நடுவில் தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஆகவே அந்த மாதங்களில் கோத்தகிரிக்குக் காற்றும் சாரலும்தான் மிச்சம். நம் மழை அக்டோபர் நடுவில் தொடங்கி டிசம்பர் வரை. பிறகு ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மூன்றும் மண் காயும் மாதங்கள். ஏப்ரலில் கோடை மழை வந்தால் வந்தது.

ஒரு நோட்டில் மூன்று விஷயம் குறித்து வையுங்கள். கனமழையின்போது குடையோடு வெளியே போய்த் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்பது ஒன்று. ஜனவரியில் காலை ஆறரை மணிக்குப் புல்லில் வெள்ளை எங்கே படிந்திருக்கிறது என்பது அடுத்தது. குளிர்ந்த காற்று தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்திலும் சுவருக்கு மேட்டுப் பக்கத்திலும் தேங்கும். சரிவைப் படிபடியாக வெட்டிய ஒரே தோட்டத்தில் மேல் தட்டு தப்பித்துக் கீழ்த் தட்டு கருகுவது அதனால்தான். மூன்றாவது, டிசம்பரில் மாலை நான்கு மணிக்கு வெயில் எந்த இடத்தில் விழுகிறது. உட்காரும் இடம் அங்கேதான் வரப்போகிறது.

காகித வேலை

சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மலைப்பகுதியில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும். உங்கள் நிலத்தில் நிற்கும் மரமானாலும் அப்படித்தான். பொக்லைன் இறக்குவதற்கும் போர்வெல் போடுவதற்கும் அனுமதி கேட்காமல் கை வைக்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை ஒரே நாள்ல முடிச்சுரலாம்" என்று யாராவது சொன்னால், அவர் திங்கட்கிழமை இருக்க மாட்டார்.

தண்ணீரை வெளியே அனுப்புவது

சமவெளியில் தோட்டம் போட்டுப் பழகியவர்கள் செய்யும் பெரிய தப்பு இதில்தான். அங்கே மழைநீர் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது என்று குழி வெட்டி இறக்குவோம். சரிவில், அதுவும் வீட்டுக்கு மேலே, அப்படிக் குழி வெட்டித் தண்ணீரைத் தேக்குவது ஆபத்து. ஊறிய மண் கனக்கும், கனத்த மண் இறங்கும். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கங்களில் சரிந்த மண்ணில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். இந்த ஊரில் அதைப் பற்றிச் சாதாரணமாகப் பேச முடியாது.

செய்ய வேண்டியது: வீட்டுக்கு மேல் பக்கம், சரிவுக்குக் குறுக்கே ஒரு கான், அதாவது வடிகால், வெட்டுங்கள். எஸ்டேட் ஆட்களிடம் 'கான்' என்றாலே புரியும். ஒன்றரை அடி ஆழம், ஒரு அடி அகலம், 100 அடிக்கு 1 அடி என்ற மெதுவான இறக்கம். அதற்கு மேல் இறக்கம் கொடுத்தால் தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். கானின் முடிவு இயற்கையான ஓடையில் போய்ச் சேர வேண்டும். பக்கத்து வீட்டு வாசலில் சேர்ந்தால் அதற்கு வேறு வழிகாட்டி வேண்டியிருக்கும். கானின் கீழ்க் கரையில் வெட்டிவேர் நட்டால் கரை நிற்கும். கொஞ்சம் தண்ணீரை மண் உறிஞ்சிக்கொள்ளும், மீதி போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் மலைத் தோட்டம்.

அடுத்தது தட்டுகளைத் தாங்கும் சுவர். எங்கள் முதல் சுவரைச் சிமெண்ட் பூசிக் கட்டினோம். நடுநடுவே தண்ணீர் வடிய ஓட்டை விடச் சொன்னேன். "ஓட்டை விட்டா சுவரு அழகு போயிரும்மா, அதுல பாம்பு வரும்" என்றார் மேஸ்திரி. பாம்பு என்றதும் நான் அடங்கிவிட்டேன். இரண்டாவது நவம்பரில் அந்தச் சுவர் நடுவில் வயிறு தள்ளியது. கையை வைத்துப் பார்த்தேன், சுவருக்குப் பின்னால் தண்ணீர் நின்ற குளிர்ச்சி பூச்சு வழியாகவே தெரிந்தது. மழை விட்டதும் இடித்தோம்.

இப்போது இருப்பது சாந்து இல்லாத கல் அடுக்கு. பெரிய கல் அடியில், ஒவ்வொரு அடி உயரத்துக்கும் இரண்டு அங்குலம் மேட்டுப் பக்கம் சாய்வு, பின்னால் ஒரு அடி அகலத்துக்கு உடைகல். தண்ணீர் எல்லா இடுக்கிலும் வடிகிறது. மூன்றரை அடி உயரம் வரை இதை நல்ல கல் வேலைக்காரர் கட்டிவிடுவார். அதற்கு மேல் போனால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கல் இடுக்குகளில் மண் திணித்துச் சின்னச் சதைப்பற்றுச் செடிகளை நட்டிருக்கிறேன், என் தோட்டத்தில் ஒரு பருவத்திலும் சாகாத இடம் அந்தச் சுவர்தான். பாம்பு வரவில்லை. தவளை வந்திருக்கிறது.

கூரைத் தண்ணீரை மட்டும் பிடித்து வையுங்கள். கணக்கு சுலபம்: 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர். கொஞ்சம் சிந்தியது போக 800 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நல்ல மழையில் 5,000 லிட்டர் டேங்க் நிறைந்துவிடும். டிசம்பரின் கடைசி மழையில் நிறைந்த டேங்க்கை மூடி வைப்பதுதான் சாமர்த்தியம், ஏனென்றால் அதைத் திறக்கப் போவது பிப்ரவரியில். டேங்க்கைச் சரிவின் விளிம்பில் வைக்காதீர்கள். 5,000 லிட்டர் என்றால் ஐந்து டன்.

மண், அல்லது என் பதினாலு லாவெண்டர்

வந்த வருடம் ஆகஸ்ட்டில் 14 லாவெண்டர் நட்டேன். வறட்சி தாங்கும், வெயில் விரும்பும் என்று எல்லோரும் சொல்லியிருந்தார்கள். குழிக்குக் குழி மக்கிய சாணம் போட்டேன், பாத்தி கட்டினேன். செப்டம்பரில் பூ. நவம்பர் பத்தாம் தேதி வாக்கில் இலை சாம்பல் நிறமாகித் தொங்கியது. தண்ணீர் போதவில்லையோ என்று, மழைக்காலத்தில், ஒரு வாளி ஊற்றினேன். ஒன்றைப் பிடித்து இழுத்தபோது சிரமமே இல்லாமல் வந்தது. வேர் கறுத்து, விரலில் தேய்த்தால் தோல் உரிந்து நடுநரம்பு மட்டும் நூலாக நின்றது. ஊறவைத்த துணியை மறந்து மூன்று நாள் கழித்துத் திறந்தால் வரும் நாற்றம். பதினாலும் அப்படியே.

நம் செம்மண் பார்க்கப் பொலபொலவென்று இருந்தாலும் அடியில் களி. அதோடு புளிப்பு மண், தேயிலைக்கு அதுதான் வேண்டும். ஊரில் ஹைட்ரேஞ்சியா எல்லாம் நீலமாகப் பூப்பதற்கும் இதுவே காரணம். சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணில் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும். லாவெண்டர், ரோஸ்மேரி, தைம் போன்றவை சுண்ணாம்பு மண்ணிலும் கல் சரிவிலும் பிறந்தவை.

நடும் முன் சோதனை: ஒரு அடிக்கு ஒரு அடி குழி வெட்டி, தண்ணீர் ஊற்றி, அது இறங்கியதும் மறுபடி நிரப்புங்கள். நாலு மணி நேரத்தில் வடிந்துவிட்டால் நல்லது. மறுநாளும் அடியில் குட்டை நின்றால் அங்கே மேட்டுப் பாத்தி இல்லாமல் எதையும் நடக் கூடாது. பாத்தி ஒரு அடி உயரம், ஓரத்துக்குக் கல். உள்ளே செம்மண் இரண்டு பங்கு, கால் இஞ்ச் ஜல்லி ஒரு பங்கு, மக்கிய இலை ஒரு பங்கு. லாவெண்டர் வகையறாவுக்கு சாணம் வேண்டாம், கொழுத்தால் மழையில் அழுகும். மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சதுர மீட்டருக்கு 200 கிராம் டோலமைட் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுங்கள். தேயிலைக்காரர்களுக்கு உரம் விற்கும் கடையிலேயே கிடைக்கும். நட்ட பிறகு செடியின் கழுத்தைச் சுற்றி இரண்டு அங்குலத்துக்கு ஜல்லி பரப்புங்கள். மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டாது, கோடையில் ஈரம் காயாது. ஆறு செடிதான் இப்போது வைத்திருக்கிறேன், ஆறும் ஐந்து வருடமாக நிற்கின்றன.

உட்கார ஒரு நிழல்

திருப்பூரில் நிழல் என்றால் வேப்பமரம், கேள்வியே இல்லை. இங்கே அந்த நினைப்போடு வடக்குப் பக்கம் தகரக் கொட்டகை போட்டுவிட்டு, டிசம்பர் முழுக்க அதில் ஒருவரும் உட்காராமல் அது விறகு அடுக்கும் இடமாகிப் போன வீடுகளை எண்ணிக் காட்டுவேன். மலையில் வெயில் காய வேண்டிய மாதங்களும் வெயிலுக்கு ஒதுங்க வேண்டிய மாதங்களும் தனித்தனி. ஒதுங்குவது முக்கியம்தான். 1,000 மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறக்குறைய 10 சதவீதம் கூடும், நாம் இருப்பது 1,800 மீட்டர் வாக்கில். குளிர்காற்றில் சூடு தெரியாமல் தோல் கறுப்பது அதனால்தான்.

கோத்தகிரியில் சூரியன் நேர் உச்சிக்கு வருவது ஏப்ரல் 20 வாக்கில், மறுபடி ஆகஸ்ட் கடைசி வாரத்தில். டிசம்பர் கடைசியில் நண்பகலிலும் அது தெற்கே சாய்ந்து, தரையிலிருந்து 55 பாகை உயரத்தில்தான் நிற்கும். இதை வைத்துப் பந்தலை அளவெடுக்கலாம். 8 அடி உயரத்தில், தெற்குப் பக்கம் திறந்த பந்தல் போடுங்கள். ஏப்ரல் நண்பகலில் தெற்கு ஓரம் வரைக்கும் நிழல். டிசம்பர் நண்பகலில் அதே ஓரத்திலிருந்து ஐந்தரை அடி உள்ளே வரை வெயில் விழும். அந்த ஐந்தரை அடிக்குள் பெஞ்சைப் போட்டால் போதும், நீங்கள் நகர வேண்டாம், வெயில் நகர்ந்துகொள்ளும். பந்தலின் ஆழம் 9 அடி இருந்தால் பின்னால் ஊஞ்சலுக்கும் இடம் மிஞ்சும்.

கால்களுக்கு ஜிஐ பைப் அல்லது கற்பூர மரக் (யூகலிப்டஸ்) கம்பு. கம்பானால் மண்ணில் புதைக்காமல் கல் பீடத்தில் நிறுத்துங்கள், புதைத்தால் நாலாவது மழையில் அடி உளுத்துவிடும். மேலே தகரம் வேண்டாம். பகலில் அனல், விடியற்காலையில் உள்பக்கம் வேர்த்துத் தலையில் சொட்டும். பச்சை நிழல் வலை மலிவு, ஆனால் ஜூலைக் காற்று அதை வருடாவருடம் கிழிக்கும். அவசரத்துக்கு 50 சதவீத வலையைக் கட்டிக்கொள்ளுங்கள், கொடி ஏறியதும் கழற்றிவிடலாம்.

கொடிக்கு என் தேர்வு சௌசௌ. சிரிக்காதீர்கள். பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கம்பிப் பந்தலில் சௌசௌ படர்ந்தால் கீழே மதியம் இரண்டு மணிக்கும் பச்சை வெளிச்சம்தான். ஜனவரியில் கொடியை அடியோடு வெட்டிவிடுகிறேன், குளிர் மாதங்களில் வெயில் முழுசாக உள்ளே வருகிறது. பிப்ரவரியில் துளிர்த்து, சூடு ஏறும் நாளுக்குள் கூரை ஏறிவிடுகிறது. தண்ணீர் கேட்கும் இடம் ஒன்று உண்டு என்றேனே, இதுதான். சமையலறைத் தொட்டிக் குழாயை நேராக இதன் தூருக்குத் திருப்பியிருக்கிறேன், நடுவில் ஒரு சின்ன மணல் குழி. அரிசி கழுவிய தண்ணீரில் வளர்ந்த நிழல். கறை போக்கும் பொடி போட்ட தண்ணீரை மட்டும் அங்கே விடுவதில்லை. காய் வேண்டாம், பூ வேண்டும் என்பவர்கள் ஜனவரியில் ஆரஞ்சு நிறக் கொத்தாகப் பூக்கும் கோல்டன் ஷவர் கொடியைப் போடலாம். அது வருடம் முழுக்க இலையோடு நிற்கும், ஆகவே கவாத்து தவறக் கூடாது.

மர நிழல் வேண்டுமானால் பிளம்ஸ் அல்லது பேரி. குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிட்டு வெயிலுக்கு வழி விடும். சில்வர் ஓக் எளிதாக வரும், ஆனால் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், காற்றில் கிளை முறியும். கற்பூர மரத்தையும் சீகை என்கிற வாட்டில் மரத்தையும் புதிதாக நடுவது வேண்டவே வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் விறகுக்காகக் கொண்டுவந்தவை இன்று புல்வெளிகளைத் தின்றுகொண்டிருக்கின்றன.

எந்தச் செடி எங்கே

மேற்கு வெயில் அடிக்கும் சுவரோரம் கற்றாழை இனங்கள். கிளை விட்டுப் புதராக வளர்ந்து, குளிர்காலத்தில் சிவப்புப் பந்தம் போலப் பூக்கும் கற்றாழையை ஊட்டி, குன்னூர் பழைய பங்களா வேலிகளில் பார்த்திருப்பீர்கள். ஒரு கிளையை ஒடித்து ஒரு வாரம் நிழலில் காயவிட்டு நட்டால் போதும். வேறு பூ இல்லாத அந்த நாட்களில் தேன்சிட்டு அதைவிட்டு நகராது. ஆனைக்கற்றாழை அழகுதான், ஆனால் நடைபாதையில் வேண்டாம், இலை நுனி கண்ணுக்கு நேராக இருக்கும்.

மேட்டுப் பாத்தியில் ரோஸ்மேரி, தைம், சேஜ், ஜெரேனியம். நீலகிரியில் விவசாயிகளே ரோஸ்மேரியும் தைமும் பயிர் செய்கிறார்கள், ஆகவே நாற்றுக்கு அலைய வேண்டாம். சரிவின் நடுத் தட்டில் அகபாந்தஸ், அதன் கிழங்கு வேர் மண்ணை இறுக்கிப் பிடிக்கும், மார்ச்சிலும் இலை பச்சையாகவே இருக்கும். மண் மோசமான இடம் என்று நீங்கள் கைவிட்ட மூலைக்கு மலையின் சொந்தச் செடிகள்: தவிட்டுக்கொய்யா, ஊசிக்கலா, காட்டுப்பூவரசு. காட்டுப்பூவரசு மெதுவாகத்தான் வளரும், பேரனுக்கு நடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். குறிஞ்சியும் வைக்கலாம், 2018-இல் பூத்ததன் கணக்கில் அடுத்தது 2030. பந்தலுக்கு அடியில் ஹைட்ரேஞ்சியா இரண்டு தொட்டி மட்டும் வைத்திருக்கிறேன். ஆசைக்கு. அதற்குத்தான் அந்த இரண்டு குடம்.

உண்ணிச்செடி, மஞ்சள் பூ ஸ்காட்ச் புரூம் இரண்டையும் யார் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்விடும். நாற்றுக்குக் குன்னூர் சிம்ஸ் பூங்கா, ஊட்டி தாவரவியல் பூங்கா ஆகியவற்றின் விற்பனை நிலையங்களைப் பாருங்கள். ஆனால் என் தோட்டத்தில் பாதி, பக்கத்து வீட்டுப் பெரியம்மா வேலிக்கு மேலாக நீட்டிய குச்சிகள். அவர் ஜூன் மாதத்தின் முதல் சாரலில் மட்டும்தான் கொடுப்பார். "இப்ப நட்டா ஐப்பசிக்குள்ள வேர் பிடிச்சுக்கும். அப்புறம் நட்டா எங்கிட்ட கேக்காத." லாவெண்டரை ஆகஸ்ட்டில் நட்ட கதை அவருக்கும் தெரியும்.

முதல் வருடம் எல்லாச் செடிக்கும் தண்ணீர் வேண்டும், வறட்சி தாங்குவது வேர் இறங்கிய பிறகுதான். ஜனவரி முதல் மார்ச் வரை பத்து நாளைக்கு ஒருமுறை, புதருக்கு 5 லிட்டர், மெதுவாக. தினம் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுற்றிக்கொண்டிருக்கும். பழமரக் கன்றுக்குப் பக்கத்தில் மண்பானையை அடியில் துளையிட்டுத் திரி போட்டுப் புதைத்துவிட்டால் வெளியூர் போய்வரலாம். இரண்டாம் வருடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மூன்றாம் வருடம் தொட்டிகளுக்கு மட்டும்.

பனிக்குக் கீழ்த் தட்டுச் செடிகளை மாலையில் மூடுங்கள். தேயிலை நாற்றுக்குத் தாகை என்ற தழையைப் போட்டு மூடுவார்கள், ஊட்டிப் பூங்காவில் மிலார் குச்சிகளை ஊன்றி மறைப்பார்கள். பழைய புடவையும் போதும், பிளாஸ்டிக் ஷீட் வேண்டாம், இலையில் ஒட்டி அது தொட்ட இடமெல்லாம் கருகும். கருகிய நுனியை உடனே வெட்டாதீர்கள், பனி முடியும்வரை அதுவே கீழ்த் துளிருக்குக் குடை.

விருந்தாளிகள்

கொய்யாவும் பலாவும் உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், கரடி வரும். கோத்தகிரியில் இது பேச்சுக்குச் சொல்வதில்லை. பழுத்ததை மாலைக்குள் பறித்துவிடுங்கள். பெஞ்சின் முதுகு சுவரில் இருக்கட்டும், வீட்டுக் கதவு கண்ணில் படட்டும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் இறங்காதீர்கள்.

காட்டுமாட்டுக்கு வேலி ஒரு பொருட்டே இல்லை. ஆரம்பத்தில் கிக்குயு புல் தரை போட்டிருந்தேன். அதை மேயத்தான் அவை வந்தன, நான் தண்ணீர் ஊற்றி வளர்த்ததை. புல்லை எடுத்துவிட்டு ஜல்லியும் தைமும் ஆக்கிய பிறகு வரத்து குறைந்தது. ஆனாலும் ஒரு கிழட்டுக் காளை மட்டும் வழி மாறாமல் பிப்ரவரி இரவுகளில் வருகிறது. ரோஸ்மேரியை மோந்துவிட்டு, தொடாமல், பந்தலைச் சுற்றிக் கீழே இறங்கிப் போகிறது. அந்த மாதத்தில் கீழ் கேட்டைத் திறந்தே வைத்துவிடுகிறேன். பூட்டினால் வேலியோடு போய்விடும்.